ஏஆர்டி மருந்து எடுக்கும் பையன் ஆறாம் வகுப்பு சேர்கிறான்: பள்ளியில் சொல்ல வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது ஒரு வரிக் கேள்வி. எச்ஐவி உள்ள அண்ணன் மகனைப் புதுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்கிறோம், தலைமை ஆசிரியரிடம் சொல்லியாக வேண்டுமா? கூடவே எழுதியிருக்கும் விவரங்களைப் பார்த்தால் உங்கள் கவலை அதைவிடப் பெரியது. அண்ணனும் அண்ணியும் இல்லை. பையன் பாட்டி வீட்டில் வளர்கிறான். மாத்திரை எதற்கு என்று அவனுக்கே தெரியாது, "சளிக்கு" என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். போன வருடம் மாதத்துக்கு மூன்று நாலு நாள் லீவு. "அப்படி என்னதான் நோய்" என்று பழைய பள்ளியில் துளைத்தெடுத்ததால்தான் இந்தப் பள்ளி மாற்றமே. பாட்டியோ "ஒரு வருஷம் வீட்டோட இருக்கட்டும்" என்கிறார். ஆக, விஷயமும் வெளியே போகக் கூடாது, படிப்பும் கெடக் கூடாது, இரண்டும் சேர்ந்து நடக்குமா என்பதுதான் கேள்வி. நடக்கும். ஆனால் "யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்பதோடு நின்றுவிட்டால் நடக்காது. எச்ஐவி ஆலோசகராக இப்படிப்பட்ட குடும்பங்களோடு பல வருடம் வேலை பார்த்ததை வைத்தும் சட்டத்தை வைத்தும் எழுதுகிறேன். மருந்தின் அளவை முடிவு செய்வது உங்கள் ஏஆர்டி (எச்ஐவியை அடக்கி வைக்கும் மருந்துச் சிகிச்சை) மையத்து மருத்துவர். பையனைப் பார்க்காமல் அதில் நான் எதுவும் சொல்ல முடியாது.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. பள்ளியில் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. எச்ஐவி மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017 என்று ஒன்று இருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நாடு முழுக்க நடைமுறையில் உள்ளது. தனக்கு எச்ஐவி இருப்பதைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது, கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுப்பதோ இடையில் நிறுத்துவதோ வேறுவிதமாக நடத்துவதோ கூடாது, சேர்க்கைக்கு எச்ஐவி பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பேதம் இதில் இல்லை. சேர்க்கைப் படிவத்தில் "நோய் ஏதேனும் உண்டா" என்ற கட்டம் இருந்தால் அதைக் காலியாக விடலாம். "தொடர் மருத்துவக் கண்காணிப்பில் உள்ளார்" என்று எழுதினால் இன்னும் நல்லது, பின்னால் லீவு கேட்கும்போது கைகொடுக்கும். சேர்க்கைக்குப் பெற்றோரின் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். பதிவுத்துறை தரும் சான்றிதழில் மரணத்தின் காரணம் இருக்காது, தைரியமாகக் கொடுங்கள். ஆஸ்பத்திரி கொடுத்த இறப்பு அறிக்கையை மட்டும் அதோடு சேர்த்துப் பின் செய்துவிடாதீர்கள், அதில் எல்லாம் இருக்கும். ஜெராக்ஸ் கடையில் முழுக் கட்டையும் நீட்டி "எல்லாத்துலயும் ஒரு காப்பி" என்று சொல்லும் அவசரத்தில் இது அடிக்கடி நடக்கிறது.

சட்டம் இவ்வளவு இருந்தும் இந்தக் குழந்தைகளின் படிப்பு ஏன் தடைபடுகிறது? பள்ளி கதவைச் சாத்துவது ஒரு காரணம்தான். ஒழுங்காக மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் அளவு அடங்கிய குழந்தைக்கு மற்ற குழந்தைகளைவிட அதிகமாக உடம்பு படுத்த வேண்டிய அவசியமில்லை. லீவில் பெரும்பகுதி போவது ஆஸ்பத்திரிக்கு அலைவதிலும், அந்த அலைச்சலை மறைப்பதிலும். காலையில் மருந்து வாங்கப் போனவன் மதியம் பள்ளிக்குத் திரும்பினால் "எங்கடா போனே" என்று கேட்பார்களே என்று அன்று முழு நாளும் போகிறது. மறுநாள் லீவு லெட்டரில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அந்த நாளும் போகிறது. நீங்கள் சொல்லும் மூன்று நாலு நாள் இப்படித்தான் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். அடிக்கடி காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து லீவு எடுத்திருந்தால் அது வேறு விஷயம். மருந்து சரியாக வேலை செய்கிறதா என்று கடைசி வைரல் லோட் (ரத்தத்தில் வைரஸ் அளவு) முடிவை எடுத்து மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

நாட்களைக் குறைக்க மையத்தில் இதைக் கேளுங்கள். சீராக மருந்து எடுத்து, எடை ஏறி, வைரல் லோட் அடங்கிய குழந்தைக்கு மூன்று மாத மருந்தை மொத்தமாகத் தர வழி இருக்கிறது. எல்லோருக்கும் தர மாட்டார்கள். மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்வார், அந்தச் சமயத்தில் மருந்துக் கையிருப்பும் இருக்க வேண்டும். கிடைத்தால் பன்னிரண்டு நடை நாலாகக் குறையும். அந்த நாலிலும் எல்லாவற்றுக்கும் பையன் வர வேண்டியதில்லை. எடை பார்க்கவும் (எடை ஏற ஏற மருந்தளவு மாறும்), ரத்தம் எடுக்கவும், காசநோய் அறிகுறி பார்க்கவும் அவன் வேண்டும். வெறும் மருந்து வாங்கப் பாதுகாவலர் போனால் போதுமா என்று ஆலோசகரிடம் கேட்டு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வைரல் லோட் பரிசோதனை சிகிச்சையின் 6ஆம் மாதம், 12ஆம் மாதம், பிறகு வருடத்துக்கு ஒருமுறை. அதைக் காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளோடு பொருத்திவிடலாம். பள்ளி நாட்காட்டியை மையத்துக்கே கொண்டுபோய் ஆலோசகரோடு உட்கார்ந்து தேதிகளைக் குறித்துவிடுங்கள். மாவட்ட மையம் தொலைவென்றால் பக்கத்து அரசு மருத்துவமனையில் இணைப்பு ஏஆர்டி மையம் (மாவட்ட மையத்தோடு இணைந்து மருந்து தரும் கிளை) இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்: தெரிந்தவர் பார்த்துவிடுவார்கள் என்றுதான் பல குடும்பங்கள் தூரத்து மையத்தைத் தேடிப் போகின்றன. பக்கத்து மையத்தில் வேலை பார்ப்பவர் உங்கள் தெருக்காரர் என்றால், பஸ் செலவானாலும் தூரத்து மையம் மேல்.

லீவுக்கு மருத்துவச் சான்று கேட்டால் என்ன செய்வது? சான்றில் நோயின் பெயர் இருந்தாக வேண்டியதில்லை. "நாள்பட்ட உடல்நலக் குறைவுக்காக இந்த மருத்துவமனையில் தொடர் சிகிச்சையில் உள்ளார், இன்ன தேதியில் பரிசோதனைக்கு வந்தார்" என்றால் போதும். சிக்கல் முத்திரையில்தான் வரும். "ஏஆர்டி மையம்" என்று பதிந்த முத்திரை ஒன்றே எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே மருத்துவமனையின் பொதுத்தாளில், குழந்தைகள் பிரிவு அல்லது நிலைய மருத்துவ அலுவலர் முத்திரையோடு தரும்படி கேளுங்கள். மையத்து ஆட்களுக்கு இது பழக்கமான வேண்டுகோள்தான். சிகிச்சை விவரம் எழுதித் தரும் பச்சை நோட்டு எந்தக் காரணத்துக்கும் பள்ளிப் பையில் போகக் கூடாது. அதேபோல, கேட்பவருக்கெல்லாம் வீட்டில் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். பாட்டி "வீசிங்" என்பார், சித்தப்பா "ரத்தசோகை" என்பார், பையன் "சளி" என்பான்; சந்தேகம் அங்கேதான் முளைக்கும். "பிறந்ததிலிருந்தே ஓர் உடல்நலக் குறைவு, செக்கப் போகணும், மத்தபடி நல்லா இருக்கான்" என்பதில் பொய்யும் இல்லை, விளக்கமும் இல்லை.

மாத்திரையைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்ப வேண்டிய தேவை இப்போது பெரும்பாலும் இல்லை. 20 கிலோவைத் தாண்டிய பெரும்பாலான குழந்தைகளுக்கு இப்போது டோலுட்டெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்து சேர்ந்த கூட்டு மருந்து, நாளுக்கு ஒரு வேளை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கும் காலத்தில் டோலுட்டெக்ராவிர் மட்டும் 12 மணி நேர இடைவெளியில் இரு வேளையாகும். காலை ஏழு, இரவு ஏழு என்று வைத்தால் அதுவும் பள்ளி நேரத்துக்குள் வராது. ஒரு வேளை மருந்துக்கு, டிவி போடுவது, பாய் விரிப்பது என்று தினமும் தவறாமல் நடக்கும் ஏதாவதொன்றோடு நேரத்தை முடிச்சுப் போடுங்கள். மாதத்தில் ஒரு வேளைக்கு மேல் தவறக் கூடாது. மறந்துவிட்டால் அன்றே நினைவு வந்ததும் கொடுக்கலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

பள்ளியில் வாரம் ஒரு நாள் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து கிடைக்கும் அந்த நீல மாத்திரை டோலுட்டெக்ராவிர் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். பயப்பட வேண்டாம், இரும்பு மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். டோலுட்டெக்ராவிரை இரும்பு மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ போட்டால் போதும். மதியச் சாப்பாடு முடிந்து ஒன்றரை மணிக்கு நீல மாத்திரை என்றால் இரவு எட்டு மணி சரி, காலை ஏழும் சரி. பள்ளி விட்டு வந்ததும் நாலு மணிக்கு வெறும் வயிற்றில் போடும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். வயிறு உப்புசத்துக்குக் கடையில் வாங்கும் ஜெலூசில் வகை மருந்துக்கும் இதே இடைவெளி. அப்புறம் இன்னொன்று: முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்பு போனதும் காலைச் சாப்பாடு வீட்டின் பொறுப்பு. வயதான பாட்டி மட்டும் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல.

அடுத்தது, நீங்கள் கேட்காத விஷயம். ஆனால் இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பையனிடம் சொல்ல வேண்டும். பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு, அதாவது 6 முதல் 12 வயதுக்குள், அவர்களுடைய நிலையை முதிர்ச்சிக்கு ஏற்பப் படிப்படியாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2011 வழிகாட்டுதல். உங்கள் பையனுக்கு 11 வயது. டப்பாவில் இருக்கும் ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியும், அதைப் போனில் போட்டுத் தேடவும் தெரியும். அப்படித் தனியாகத் தெரிந்துகொள்ளும் குழந்தைதான் மாத்திரையைத் துப்புகிறது, நெருங்கிய கூட்டாளியிடம் உளறுகிறது, பதினான்கு வயதில் "எதுக்கு இந்த மாத்திரை" என்று மொத்தமாக நிறுத்துகிறது. "உடம்புக்குள் காவல்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் தூங்க வைக்கும் ஒரு கிருமி இருக்கிறது, மாத்திரை அந்தக் கிருமியை அடக்கி வைக்கிறது" என்று தொடங்கி, நாலைந்து சந்திப்பில் பெயர்வரை போகலாம். மையத்து ஆலோசகரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அவன் கேட்கப்போகும் முதல் கேள்வி பெரும்பாலும் "அப்பா அம்மா இதனாலதான் செத்தாங்களா" என்பதாக இருக்கும். அதற்கான பதிலைப் பாட்டியும் நீங்களும் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லும்போது, இது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல, ஆனால் நம் வீட்டு விஷயம் என்கிற இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பள்ளி திறக்கும் வாரத்தில் வேண்டாம்; கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.

பள்ளியில் ஒருவரிடமாவது சொல்லி வைப்பது நல்லதா என்பதில் உறுதியான பதில் கிடையாது. நல்ல வகுப்பாசிரியர் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் லீவுச் சிக்கல் தீர்ந்துவிடும், அம்மை பரவினால் முன்கூட்டியே தகவல் வரும். ஆனால் அந்த ஆசிரியர் அடுத்த ஜூனில் மாற்றலாகிப் போகலாம், போகும்போது அடுத்தவர் காதில் போட்டுவிட்டும் போகலாம். நாள் பள்ளிக்கு, மருந்து வீட்டிலேயே முடிகிறது என்றால், முதல் வருடம் சொல்லாமல் இருப்பதையே நான் பரிந்துரைப்பேன். விடுதி என்றால் கணக்கு வேறு: இரவு மருந்தைப் பூட்டி வைக்க இடமும் கவனிக்க ஆளும் வேண்டும், அங்கே ஒரு பெரியவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். சொல்வதென்றால் ஒரே ஒருவரிடம், நேரில், வாய்மொழியாகச் சொல்லுங்கள். எமிஸ் என்ற கல்வித்துறையின் கணினிப் பதிவிலோ வருகைப் பதிவேட்டிலோ எழுதக் கூடாது என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நம்பிச் சொன்ன தகவலை உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் இன்னொருவரிடம் சொல்வது சட்டப்படி தவறு என்பதையும் மரியாதையாகச் சொல்லி வையுங்கள்.

"சொல்லாமல் விட்டால் மற்ற பிள்ளைகளுக்கு ஆபத்தில்லையா" என்று உங்கள் மனசாட்சி உறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை. ஒரே பெஞ்சில் உட்காருவது, டிபன் பகிர்வது, ஒரே தம்ளர், ஒரே கழிப்பறை, கபடி, கட்டிப்பிடிப்பது, தும்மல், வியர்வை, கொசுக்கடி, எதிலும் எச்ஐவி பரவாது. ரத்தக் காயம் பட்டால்? எந்தக் குழந்தையின் ரத்தமானாலும் பள்ளி ஒரே மாதிரிதான் கையாள வேண்டும், ஏனென்றால் எந்தக் குழந்தைக்கு என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது; மஞ்சள்காமாலை பி வைரஸ் எச்ஐவியைவிட எளிதாகப் பரவக்கூடியது. கையுறை, இல்லாவிட்டால் சுத்தமான பிளாஸ்டிக் பை. காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, துணியால் அழுத்தி, பிளாஸ்டர். தரையில் சிந்திய ரத்தத்தின் மேல் பழைய துணியைப் போட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்த கரைசலை ஊற்றி, 10 நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். பவுடர் பழசாகிக் காற்றுப்பட்டுப் போயிருந்தால் வேலை செய்யாது; மூக்கைத் துளைக்கும் குளோரின் நெடி இருக்க வேண்டும். பையனுக்கும் தன் காயத்தைத் தன் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு குழாயடிக்குப் போகக் கற்றுக்கொடுங்கள். இது எல்லாப் பிள்ளைகளுக்குமே தேவையான பழக்கம்.

எப்படியோ விஷயம் கசிந்து, பள்ளியில் மறுப்பு வந்தால்? மறுப்பு பெரும்பாலும் "சேர்க்க மாட்டோம்" என்ற வார்த்தையில் வராது. "மத்த பேரன்ட்ஸ் சத்தம் போடுறாங்க, நீங்களே டிசி வாங்கிக்கிட்டா பையனுக்கு நல்லது" என்று கனிவாக வரும். டிசி கேட்பதாக ஒரு கடிதம் எழுதி அதில் பாட்டியிடம் கைரேகை வாங்கிவிட்டால், பெற்றோர் விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் என்று ஆகிவிடும். அதன்பின் புகாருக்குப் பிடிமானம் இருக்காது. எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009இன்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியைவிட்டு வெளியேற்ற முடியாது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. யார், எந்தத் தேதியில், என்ன வார்த்தையில் சொன்னார், உடன் யார் இருந்தார் என்று அன்றே எழுதி வையுங்கள். முதல் புகார் வட்டாரக் கல்வி அலுவலருக்கோ மாவட்டக் கல்வி அலுவலருக்கோ. அதில் "மருத்துவக் காரணம் காட்டி மறுக்கிறார்கள்" என்பது போதும், நோயின் பெயர் வேண்டாம். கல்வித்துறையின் 14417 எண்ணிலும் குழந்தைகளுக்கான 1098 எண்ணிலும் சொல்லலாம். எச்ஐவி சட்டப்படி மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடமும் போகலாம். அவர் 30 நாளுக்குள் உத்தரவிட வேண்டும், மீறும் நிறுவனத்துக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், மேலும் மீறினால் நாளுக்கு 5,000 வரை. பள்ளிக்குள்ளேயே புகார் அலுவலர் இருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். சட்டம் அதை 100 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனத்துக்குத்தான் சொல்கிறது. மாணவர் எண்ணிக்கை அதில் சேராது. சாதாரணப் பள்ளியில் அவரைத் தேடி நாளைக் கழிக்காதீர்கள். வழக்கென்று போனால் பெயரை மறைத்து நடத்தக் கேட்கலாம். குழந்தைக்கு இலவச வழக்கறிஞர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கிடைப்பார், 15100.

உத்தரவு வாங்கிப் பையனை உள்ளே உட்கார வைத்துவிடலாம், அவன் பக்கத்தில் யாரும் உட்காராவிட்டால் என்ன செய்வது? அதற்கு ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் பேச ஆள் வேண்டும். மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலகிலிருந்தோ நம்பிக்கை மையத்திலிருந்தோ (அரசின் எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்) வந்து பேசுவார்கள். ஆனால் பையன் சேர்ந்த மறு வாரமே அந்த ஒரு பள்ளிக்கு மட்டும் வந்தால் ஊருக்கே விளங்கிவிடும். ஒன்றியத்தில் இன்னும் இரண்டு மூன்று பள்ளிகளிலும் சேர்த்து, டிசம்பர் 1 எய்ட்ஸ் தினத்தை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.

பணத்துக்கு: பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் குழந்தைக்கு மிஷன் வாத்சல்யா என்ற அரசுத் திட்டத்தின் நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மனு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். பெற்றோர் இல்லை என்ற காரணமே போதும் என்பதால் எச்ஐவியைக் குறிப்பிட வேண்டியதில்லை. இதைப் படிக்கும் மற்றவர்கள் வீட்டில் எல்கேஜி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இருந்தால்: தமிழ்நாட்டில் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் எச்ஐவி பாதித்த குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு, வருமான வரம்பு கிடையாது. ஆனால் அந்தச் சான்றே விஷயத்தைச் சொல்லிவிடும். வருமானம் 2 லட்சத்துக்குள் என்றால் நலிவடைந்த பிரிவில் போடுவதே பாதுகாப்பு.

கடைசியாகப் பாட்டியின் யோசனை. ஒரு வருடம் வீட்டில் வைப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் நீங்கள் எழுதியதில் இல்லை. பள்ளியில் கிருமி தொற்றிவிடும் என்ற பயம்தான் என்றால், மருந்தால் எதிர்ப்புச் சக்தி தேறிய குழந்தை எல்லோரையும் போலப் பள்ளிக்குப் போகலாம். வீட்டில் நிறுத்த வேண்டிய நாட்கள் சில உண்டு: காய்ச்சல் இருக்கும்போது, இருமல் விடாமல் இருந்தால், எடை குறைந்தால், அல்லது வீட்டில் யாருக்காவது காசநோய் கண்டால், மையத்தில் காட்டிப் பரிசோதனை முடியும்வரை. வகுப்பில் சின்னம்மையோ தட்டம்மையோ வந்திருக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே மையத்துக்குப் போன் செய்யுங்கள். தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதை முதல் சில நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். பள்ளியில் தடுப்பூசி முகாம் என்றால், 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசி தாராளமாகப் போடலாம். தட்டம்மை, ரூபெல்லா போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசி என்றால் அவனுடைய கடைசி சிடி4 (எதிர்ப்புச் சக்தி அணுக்கள்) எண்ணிக்கையைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள். அந்த எண்ணிக்கையையும் தேதியையும் உங்கள் போனில் இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், முகாம் நாளன்று பச்சை நோட்டு கையில் இருக்காது. வேறு சந்தேகம் எதுவானாலும் 1097க்குக் கூப்பிடலாம். இலவசம், தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.